முத்திரை குத்திய உபசாரம்

முன்பெல்லாம் கெய்ரோவில் இரண்டு மருந்துக்கடைகளுக்கு நடுவில் இடம் காலியானால் அங்கே மூன்றாவதாக ஒரு மருந்துக்கடை வரும். இப்போது கோ-ஒர்க்கிங், அதாவது மேஜையை வாடகைக்கு விடும் பொது அலுவலகம், வருகிறது. தோக்கி வட்டாரத்தில் தடுக்கி விழுந்தால் ஏதாவதொரு கோ-ஒர்க்கிங்கின் வாசலில்தான் விழவேண்டும். எழுந்திருப்பதற்குள் ஒரு கையில் காப்பியையும் மறுகையில் வைஃபை கடவுச்சொல்லையும் திணித்துவிடுவார்கள்.

நெர்மீனுடையது ஆறு மாடிக் கட்டடம் ஒன்றின் நாலாவது மாடியில் இருந்தது. வங்கியில் பதினான்கு வருடம் அடுத்தவர் கையெழுத்தைச் சரிபார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்டவள் அவள். ஒருநாள் வேலையை விட்டாள். அத்தை விட்டுப்போன வீட்டின் உள்சுவர்களை இடித்து, வெள்ளையடித்து, முப்பது மேஜை போட்டு, கதவில் ‘பைத்தக்’ என்று பலகை மாட்டினாள். ‘உன் வீடு’ என்று அர்த்தம். நாற்பத்தொரு வயதில் முதல்முறையாகத் தன் சாவியால் தன் கதவைத் திறந்த அந்தச் சந்தோஷத்தில் அன்று அதை ஏழு தடவை பூட்டித் திறந்தாள். அவள் அம்மா மட்டும் இன்றுவரை வெள்ளிக்கிழமை தவறாமல் தொலைபேசியில், “வங்கியில உன் நாற்காலி இன்னும் காலியாத்தான் இருக்காம், கேட்டுப் பாத்தேன்” என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆரம்பத்தில் வந்தவர்கள் எல்லோரும் செல்பேசிக்குச் செயலி செய்கிறவர்கள். உலகத்தையே மாற்றப்போவதாகச் சொல்லிக்கொண்டு, சட்டையை மாற்றாமல் மூன்று நாள் உட்கார்ந்திருப்பார்கள். பிறகு மொழிபெயர்ப்பாளர்கள் வந்தார்கள். இணையத்தில் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு அரபி சொல்லித்தரும் ஆசிரியைகள் வந்தார்கள். குழந்தைகளுக்குக் கதை பதிவு செய்யும் பெண்கள் ஐந்து பேர் வந்தார்கள். பரீட்சைக் காலத்தில் மருத்துவ மாணவர்கள் மண்டையோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தார்கள். கல்யாணம் நிச்சயமான ஜோடிகள் வந்து, ஒரே மடிக்கணினியை இரண்டுபேருமாக மணிக்கணக்கில் உற்றுப் பார்த்தார்கள். அது அணைந்திருப்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. கல்யாணத் தரகர் ஒருவரும் துக்க வீடுகளுக்கு நாற்காலி வாடகைக்கு விடும் ஒருவரும் எதிரெதிர் மேஜைகளில் தொழில் பண்ணினார்கள். மடிக்கணினி வைத்திருக்கும் யாரையும் கெய்ரோவில் ‘பாஷ்முஹந்திஸ்’, அதாவது தலைமைப் பொறியாளரே என்றுதான் கூப்பிடவேண்டும். அந்தக் கணக்கில் நெர்மீனிடம் அறுபது தலைமைப் பொறியாளர்கள் இருந்தார்கள். கழிப்பறையில் பல்பு போனால் மாற்றத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை.

கட்டடத்தின் வாயிற்காவலர் ஹஸபல்லா, இந்த இடத்தை வருகிறவர்களுக்கு விளக்குவதற்கு ஒரு வாசகம் வைத்திருந்தார்: “நாலாவது மாடி, வலது பக்கம். வேலையில்லாதவங்க வந்து வேலை பாக்கிற எடம்.”

இப்படி நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, மேஜர் ஜெனரல் ருஷ்தி லிஃப்டை எண்ணத் தொடங்கும்வரை.

ஜெனரல் ருஷ்தி ஆறாவது மாடிக்காரர். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றபின், கட்டடத்தின் பன்னிரண்டு வீட்டுச் சொந்தக்காரர்களின் சங்கத்துக்குத் தலைவராகத் தன்னைத்தானே நியமித்துக்கொண்டார். லிஃப்டோ மன்னர் காலத்தது. இரும்புக் கம்பிக் கதவு, உள்ளே மூன்று பேர், அதிலும் ஒருவர் மூச்சை இழுத்துப் பிடிக்கவேண்டும். ஜெனரல் கீழ்த்தளத்தில் நாற்காலி போட்டு, நோட்டும் பென்சிலுமாக நான்கு நாள் உட்கார்ந்தார். நாளொன்றுக்கு நூற்று எண்பத்தாறு தடவை லிஃப்ட் ஏறி இறங்கியது என்றும், அதில் நூற்று எழுபது நாலாவது மாடிக்கு என்றும் கண்டுபிடித்தார். மறுநாள் எல்லாக் கதவுக்கும் அடியில் ஒரு காகிதம் வந்தது. இரண்டு வாரம் கழித்து வரும் வியாழக்கிழமை சங்கக் கூட்டம். தீர்மானம் ஒன்றே ஒன்று: ‘இந்தக் கட்டடத்தின் எந்த வீட்டிலும் வேற்றாள் உட்கார்ந்து வேலை பார்க்கக் கூடாது.’ ஏழு கை தூக்கினால் போதும், நெர்மீன் மாதக் கடைசிக்குள் பலகையைக் கழற்றவேண்டும்.

“எட்டுக் கை அவர் பக்கம் இருக்கு மதாம்,” என்றார் ஹஸபல்லா. “நான் எண்ணிட்டேன்.”

“என் பக்கம்?”

“உங்க கை இருக்கு.”

நெர்மீன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

“பயப்படாதீங்க. ஒருத்தர் முகத்தைக்கூட நீங்க பாத்ததில்ல, அதான் கோவம். மரியாதையா ஒரு கடுதாசி எழுதிக் குடுங்க. வாங்க, இது உங்க வீடு, எப்ப வேணா வாங்கன்னு. யாரும் வரப்போறதில்ல. சொன்னோம்னு இருக்கும்.”

அதில் அவர் சொன்னது சரி. ‘என் வீடு உன் வீடு’ என்று கெய்ரோவில் ஒருவர் சொன்னால், ‘அல்லாஹ் உங்களைக் கௌரவிக்கட்டும்’ என்று சொல்லி நகர்ந்துவிட வேண்டும். இரண்டாவது தடவை சொன்னாலும் நகர வேண்டும். மூன்றாவது தடவை சட்டையைப் பிடித்து இழுத்தால்தான் உள்ளே போகலாம். முதல் அழைப்பை நம்பி யாராவது உள்ளே நுழைந்துவிட்டால், அவர் அப்பா அம்மா வளர்த்த லட்சணத்தைப் பற்றி மூன்று தலைமுறைக்குப் பேசுவார்கள்.

நெர்மீன் அழகான தாளில் மற்ற வீடுகளுக்குப் பதினொரு கடிதம் அச்சடித்தாள். ‘பைத்தக் உங்கள் வீடு. குடும்பத்தோடு, எப்போது வேண்டுமானாலும், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வரலாம்.’ கையெழுத்துப் போட்டாள். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் பதினான்கு வருட வங்கிக் கை! கையெழுத்துக்குப் பக்கத்தில் வெள்ளையாக ஓர் இடம் தெரிந்தால் அந்தக் கை சும்மா இருக்காது. அலுவலக முத்திரையை எடுத்து, நீல மையில் ஒற்றி, பதினொன்றிலும் பொத் பொத்தென்று குத்தினாள்.

முதல் ஆளாக மறுநாள் காலை எட்டரைக்கு மூன்றாவது மாடி மதாம் ஃபிக்ரியா வந்தார். கணவர் இல்லை, மகன் குவைத்தில், வீட்டு ஏசி ஜூன் மாதமே உயிரை விட்டிருந்தது. கையில் சொந்தமாக ஒரு மெத்தை, இடுப்பில் ஒரு கூடை முலூகியாக் கீரை.

“இங்க உக்காரலாமா கண்ணு?” என்றவர் பதிலுக்குக் காத்திராமல் ஜன்னலோர மேஜையில் கீரையைக் கொட்டி ஆயத் தொடங்கினார்.

நெர்மீன் திக்குமுக்காடினாள். “வாங்க மதாம், வந்ததே சந்தோஷம்... கடிதம் கெடச்சுதா?”

“கெடைக்காம? ஃபிரேம் போடக் குடுத்திருக்கேன். முத்திரை எல்லாம் குத்தியிருக்கியே! வாயால சொன்னா உபசாரம், யாரு நம்பறது? முத்திரை குத்தினா அது அரசாங்கக் காகிதம் மாதிரி. வரலைன்னா நல்லாவா இருக்கும்?”

அப்போதுதான் நெர்மீனுக்குத் தான் செய்த காரியம் உறைத்தது. இந்த ஊரில் ஒரு மனிதன் பிறந்ததற்கு அவனே சாட்சியாக எதிரில் நின்றாலும் போதாது, முத்திரை வேண்டும். செத்தாலும் முத்திரை குத்தும்வரை ஓய்வூதியம் வரும். அப்படிப்பட்ட ஊரில் அவள் உபசார வார்த்தைக்கு முத்திரை குத்திப் பதினொரு வீட்டுக்குப் பட்டுவாடா செய்துவிட்டாள்.

அன்று மதியத்துக்குள் இரண்டாவது மாடிப் பல் மருத்துவர் தன் நோயாளிகளை நெர்மீனின் சோபாவில் காத்திருக்க அனுப்பினார். ஆளுக்கொரு வீங்கிய கன்னத்தோடு அவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஐந்தாவது மாடியின் இடது வலது வீட்டு அண்ணன் தம்பி, பதினோரு வருடம் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள், தனித்தனியாக வந்து ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து, வசதியாகப் பேசாமலிருந்தார்கள். முதல் மாடியிலிருந்து ஒரு குடும்பமே கிளியோடு வந்தது. கிளி இரண்டே நாளில் ‘உங்க குரல் கேக்குது, என் குரல் கேக்குதா?’ என்று கற்றுக்கொண்டது.

மூன்றாம் நாள் ஜெனரலே வந்தார். கடிதத்தைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக் கொண்டுவந்து, அடையாள அட்டைபோல் காட்டினார்.

“நான் சமாதானத்துக்கு வரல. ஆதாரம் சேக்க வந்திருக்கேன்.”

“இது உங்க எடம் பாஷா,” என்றாள் நெர்மீன். ஜெனரலை வேறெப்படியும் கூப்பிட முடியாது, தூக்கத்தில்கூட அவர் பாஷாதான்.

“தெரியும். முத்திரை இருக்கு.”

கண்ணாடிச் சுவர் போட்ட ஆலோசனை அறைக்குள் போனார். அங்கிருந்த சுழல் நாற்காலியில் உட்கார்ந்தார். மெல்ல இடதுபக்கம் சுழன்றார். வலதுபக்கம் சுழன்றார். அவர் முகத்தில் அறுபத்தெட்டு வருடமாக யாரும் பார்த்திராத ஒரு மென்மை வந்து போனது. அன்றிலிருந்து காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை அந்த அறை சங்கத் தலைமையகமாயிற்று. வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து நெர்மீனுக்கு எதிராக அறிக்கை எழுதினார். அறிக்கையை நெர்மீனின் பிரின்டரிலேயே அச்சடித்தார். “மகளே, காகிதம் தீந்துபோச்சு,” என்று அவளையே கூப்பிட்டார்.

நெர்மீனால் முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை. இவர்களைப் போகச் சொன்னால் வியாழக்கிழமை அத்தனை கையும் உயரும். இருக்கவிட்டாலோ, சந்தா கட்டிய பாஷ்முஹந்திஸ்கள் போய்விடுவார்கள். தரகர் ஏற்கெனவே அடுத்த தெருவில் இடம் பார்க்கப் போயிருந்தார்.

சிக்கல் வெடித்தது ஹைதமின் மேஜையில். ஒட்டடைக்குச்சி மாதிரி இருந்துகொண்டு ஒன்பது பேர் வேலையைத் தனியாகச் செய்யும் புரோகிராமர் ஹைதம். அன்று அவனுக்கு ஒரு ஜெர்மன் கம்பெனியோடு காணொளிப் பேச்சு. பாதியில் மதாம் ஃபிக்ரியாவின் முகம் திரைக்குள் நுழைந்தது.

“யாரு இவரு? நல்லா செவப்பா இருக்காரே. கல்யாணம் ஆயிடுச்சா கேளு.”

“மதாம், தயவுசெஞ்சு! வேலை விஷயம்!”

“கேக்கறதுல என்ன? என் அக்கா பொண்ணு மருந்தாளுனர்.”

ஹைதம் ஒலியை அடைத்துவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டான். “நெர்மீன் அக்கா, இந்தப் பேச்சு கெட்டுச்சுன்னா என் பொழப்பு கெட்டுச்சு. இந்தக் கட்டடத்துல அமைதியா ஒரு மூலைகூட இல்லையா?”

மதாம் ஃபிக்ரியாவுக்கு மனசு கேட்கவில்லை. “ஏன் மகனே இப்படி அலுத்துக்கற? கீழ என் வீடு சும்மாதான கெடக்கு. என் வீடு உன் வீடு. சாவி ஹஸபல்லாகிட்ட இருக்கு,” என்றார். முறைப்படி சொன்னார். கேட்பவன் மறுப்பான் என்று கீரையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

நிமிர்ந்தபோது ஹைதமைக் காணவில்லை.

“போயிட்டான்!” என்று அலறினார். “ஒரு தடவை சொன்னேன்! ஒரே ஒரு தடவை! அப்படியே போயிட்டானே! இவனை யாரு பெத்தா?”

“நீங்கதான மதாம் கூப்பிட்டீங்க,” என்றாள் நெர்மீன்.

“கூப்பிட்டா வந்துடறதா?” என்றார் மதாம் ஃபிக்ரியா, ஆறு நாளாக வந்து உட்கார்ந்திருப்பவர்.

ஆனால் மாலை வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், ஹைதம் குடித்த கோப்பையைக் கழுவிக் கவிழ்த்திருந்தான். ஏசியின் வடிகட்டியைப் பிடுங்கிக் குழாயில் காட்டியிருந்தான். அது இருமி, தும்மி, மறுபடி ஓடியது. ஜெர்மன்காரன் வேலையை ஒப்புக்கொண்டுவிட்டான். மறுநாள் மதாம் ஃபிக்ரியா கூடத்தின் நடுவில் நின்று, “என் வீட்டுல ஒரு பாஷ்முஹந்திஸ் உக்காந்து ஜெர்மனிக்கே வேலை பாக்கறான்,” என்று அறிவித்தார்.

அவ்வளவுதான், ரோஷம் பிடித்துக்கொண்டது. அவர் வீட்டில் ஒரு பாஷ்முஹந்திஸ் என்றால் நம் வீட்டில் ஏன் இல்லை? ஐந்தாவது மாடி அண்ணன் நான்கு பேரை அழைத்துக்கொண்டு போனார். தம்பி அதைப் பார்த்து ஐந்து பேரையும் ஒரு ஒலிப்பதிவுக் கருவியையும் தூக்கிக்கொண்டு போனார். பல் மருத்துவர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் மூன்று மொழிபெயர்ப்பாளர்கள். கிளி வீட்டில், கிளியில்லாத நிம்மதியில், வக்கீல் ஒருவர். வீட்டுக்காரர்கள் எல்லோரும் நாலாவது மாடியில். நாலாவது மாடிக்காரர்கள் எல்லோரும் வீடுகளில். ஹஸபல்லா கீழே ஒரு பலகையில் ஆணி அடித்து, பத்து வீட்டுச் சாவியைத் தொங்கவிட்டு, வருகிறவர்களைத் தரம்பிரித்து அனுப்பினார்.

“எந்த மாதிரி எடம் வேணும் பாஷ்முஹந்திஸ்? ரெண்டாவது மாடி அமைதி, ஆனா டெட்டால் வாசனை. அஞ்சாவது இடது பக்கம் பால்கனி இருக்கு, ஆனா அஞ்சாவது வலது பக்கத்தைப் பத்தி நல்லதா ஒரு வார்த்தை பேசக்கூடாது. மூணாவதுல மதியம் முலூகியா கெடைக்கும், கூடவே பொண்ணும் பாப்பாங்க.”

ஒருமுறை மேலே போனவர்கள் மாலைவரை இறங்குவதில்லை. லிஃப்ட் ஓட்டம் பாதியாயிற்று. ஜெனரல் அதைக் கணக்கெடுத்து, ‘தலைவரின் இடைவிடாத கண்காணிப்பால்’ என்று அறிக்கையில் சேர்த்தார்.

புதன்கிழமை சாயங்காலம் ஹஸபல்லா படியேறி வந்து நெர்மீனைத் தனியே கூப்பிட்டார். அவர் முகம் சரியில்லை.

“மதாம், ஒரு விஷயம். பத்து சாவின்னு சொன்னேன்ல. பதினொண்ணு.”

“பதினொண்ணாவது எது?”

ஹஸபல்லா கண்ணை மேலே உருட்டினார். “ஆறாவது மாடி.”

“யாரு குடுத்தது?”

“மதாம் இக்பால். ஜெனரலோட பெண்சாதி. நாப்பது வருஷத்துல மொதல்தடவையா இந்த ஆளு பகல்ல வீட்டுல இல்ல, நானும் கொஞ்சம் மனுஷங்களைப் பாக்கணும்னாங்க. அந்தக் குழந்தைங்களுக்குக் கதை பதிவு பண்ற பொண்ணுங்க அஞ்சு பேரு அங்கதான் இருக்காங்க. வெளிச்சத்தம் கேக்காம இருக்க அலமாரியில மெத்தையெல்லாம் அடைச்சு, அதுக்குள்ள உக்காந்து பேசறாங்க. மதாம் இக்பாலும் பேசறாங்க.”

“என்ன பேசறாங்க?”

“பூதகி வேஷம். குழந்தை திங்கிற பூதகி. நேத்து நான் தண்ணி குடுக்கப் போனேன், அவங்க சிரிச்ச சிரிப்புல பாட்டிலைக் கீழ போட்டுட்டேன்.”

நெர்மீன் அன்று வீட்டுக்குப் போனதும் அம்மாவுக்குத் தானே தொலைபேசி செய்து, அந்த நாற்காலி காலியாகத்தான் இருக்கிறதா என்று கேட்டாள்.

வியாழன் மாலை ஏழு மணி. கூட்டத்தை எங்கே வைப்பது என்ற பேச்சே எழவில்லை. முப்பது நாற்காலியும் ஏசியும் வேறெங்கே இருக்கிறது? நெர்மீனை வெளியேற்றும் கூட்டம் நெர்மீனின் கூடத்தில், அவள் கொடுத்த எலுமிச்சைச் சாற்றோடு ஆரம்பித்தது. ஜெனரல் முப்பத்துநான்கு பக்க அறிக்கையை வாசித்தார். பதினேழாவது பக்கத்தில் பல் மருத்துவர் தூங்கிப்போனார்.

“ஆக, என்ன சொல்ல வர்றேன்னா,” என்று ஜெனரல் முடிவுக்கு வந்தார், “இது குடும்பங்க இருக்கற கட்டடம். வேத்தாளுங்க வந்து உக்காந்து வேலை பாக்கற சத்திரம் இல்ல. கை தூக்கறவங்க தூக்கலாம்.”

ஒரு கையும் எழவில்லை. அண்ணன் தம்பியைப் பார்த்தார், தம்பி கூரையைப் பார்த்தார். மதாம் ஃபிக்ரியா கைப்பையில் எதையோ தேடினார்.

“என்ன ஆச்சு எல்லாருக்கும்? எட்டுப் பேரு எனக்கு வாக்குக் குடுத்தீங்களே!”

“பாஷா,” என்றார் பல் மருத்துவர் கொட்டாவியோடு, “தீர்மானத்துல ‘எந்த வீட்டிலும்’னு போட்டிருக்கு. நாலாவது மாடின்னு மட்டும் போட்டிருந்தா...”

“ஏன், உங்க வீட்டுல யாரு இருக்கா?”

“மூணு பேரு. மொழிபெயர்க்கறாங்க. நல்ல பிள்ளைங்க.”

ஒவ்வொருவராக ஒப்புக்கொண்டார்கள். நான்கு, ஐந்து, ஒரு வக்கீல், ஒரு ஜெர்மனி. ஜெனரலின் முகம் தக்காளி நிறத்துக்குப் போய், அதையும் தாண்டிக் கத்திரிக்காய் நிறத்துக்கு வந்தது.

“என் முதுகுக்குப் பின்னாலயா! சரி. யாரும் வேண்டாம். நான் ஒருத்தன் போதும். கோர்ட்டுக்குப் போவேன். இந்தக் கட்டடத்துல ஒழுங்கா ஒரு வீடு மிச்சமிருக்குன்னு காட்டறேன்!” எழுந்து நின்று மேஜையில் அடித்தார். “என் வீட்டுல ஒரு வேத்தாள், ஒரே ஒரு வேத்தாள், இனிமே ஒரு நிமிஷம் உக்காந்து வேலை பாத்தாக்கூட, அலைய்யத் தலாக்!”

என் பெண்டாட்டி எனக்கு விவாகரத்து ஆகட்டும் என்று சத்தியம். கெய்ரோ ஆண்கள் தக்காளி விலைக்கும் கால்பந்துக்கும் இதைப் போடுவார்கள். பெண்டாட்டிகள் காதில் வாங்குவதே இல்லை. ஆனாலும் நெர்மீன் திரும்பி ஹஸபல்லாவைப் பார்த்தாள். ஹஸபல்லா சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார்.

சரியாக அந்த நேரத்தில், கட்டடத்தின் நடுவில் காற்றுக்காக விட்டிருக்கும் கிணறுபோன்ற திறப்பின் வழியாக, மேலேயிருந்து ஒரு சிரிப்பு இறங்கி வந்தது. ஆறு மாடியும் அதிர்ந்தது. தெருப் பூனைகள் ஓடின. எதிர்க்கட்டடத்தில் யாரோ ஜன்னலைச் சாத்தினார்கள். முதல் மாடிக் கிளி அலகைச் சிறகுக்குள் நுழைத்துக்கொண்டது.

“என்ன அது?” என்றார் ஜெனரல்.

யாரும் பதில் சொல்லுமுன் லிஃப்ட் கதவு கடகடவென்று திறந்தது. மதாம் இக்பால் உள்ளே வந்தார். வீட்டு கவுனுக்கு மேல் கழுத்தில் பெரிய ஹெட்ஃபோன். முகத்தில் எரிச்சல்.

“ருஷ்தி, கொஞ்சம் மெதுவாப் பேசறியா? மேல பதிவு நடக்குது. நீ மேஜையில அடிச்சது என் சிரிப்புக்கு நடுவுல விழுந்துடுச்சு. பொண்ணுங்க மறுபடி எடுக்கணுங்கறாங்க.”

பல் மருத்துவர் எலுமிச்சைச் சாற்றைக் கீழே வைத்தார்.

“எந்தப் பொண்ணுங்க?” என்றார் ஜெனரல், கம்மிய குரலில்.

“நம்ம வீட்டுல வேலை பாக்கற பொண்ணுங்க. இப்பவும் பாத்துட்டிருக்காங்க. ஏன் எல்லாரும் என்னை இப்படிப் பாக்கறீங்க?”

மதாம் ஃபிக்ரியாவால் அடக்க முடியவில்லை. “இக்பால் கண்ணு, இப்பதான் உன் புருஷன் தலாக் போட்டாரு. உன் வீட்டுல வேத்தாள் ஒரு நிமிஷம் வேலை பாத்தா நீ விவாகரத்தாம்.”

“அப்படியா?” மதாம் இக்பால் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு நிதானமாக உட்கார்ந்தார். “ஒரு நிமிஷம் ஆயிடுச்சா?”

“ரெண்டு,” என்றார் ஐந்தாவது மாடித் தம்பி, கடிகாரத்தைப் பார்த்து.

“ரெண்டரை,” என்றார் அண்ணன். பதினோரு வருடத்தில் அவர்கள் பேசிக்கொண்ட முதல் பேச்சு அது.

ஜெனரலுக்கு வியர்த்துக் கொட்டியது. எத்தனையோ முற்றுகைப் பயிற்சிகளில் வழி கண்டுபிடித்தவர், கண்டுபிடித்தார். “நான் வேத்தாள்னுதான் சொன்னேன். அந்தப் பொண்ணுங்க வேத்தாள் இல்ல! என் பெண்சாதி வரவேத்த விருந்தாளிங்க. வீட்டு மனுஷங்க மாதிரி!”

நெர்மீன் எழுந்தாள்.

“அந்த அஞ்சு பேரும் என்கிட்ட சந்தா கட்டினவங்க பாஷா. போன வாரம் வரைக்கும் அந்த ஜன்னல் பக்கம்தான் உக்காந்திருந்தாங்க. ஆறாவது மாடிக்கு ஏறினா வீட்டு மனுஷங்க, நாலாவது மாடியில இருந்தா வேத்தாளா? நீங்களே சொல்லுங்க. வேத்தாள்னா, மதாம் இக்பாலைப் பாத்து சொல்லுங்க.”

ஜெனரல் மனைவியைப் பார்த்தார். மதாம் இக்பால் ஆர்வத்தோடு காத்திருந்தார்.

“வேத்தாள்... இல்ல,” என்றார் ஜெனரல்.

“யாரு?”

“யாருமே,” என்று முனகினார். முப்பத்துநான்கு பக்கத்தையும் மடித்து அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

அதற்குப்பின் ஐந்தே நிமிடத்தில் புதுத் தீர்மானம் தயாராயிற்று. கட்டடம் முழுவதுமே பைத்தக். சந்தா கட்டியவர் எந்த மாடியில் உட்கார்ந்தாலும் நெர்மீனின் ஆள். வீட்டுக்காரர்களுக்கு நாலாவது மாடி. நெர்மீன் பலகையைக் கழற்றத்தான் வேண்டும், கழற்றித் தெரு வாசலில் மாட்டவேண்டும். பன்னிரண்டு வீடும் கை தூக்கியது. ஐந்தாவது மாடிக்காரர்கள் ரோஷத்தில் இரண்டு கையையும் தூக்கினார்கள்.

“எல்லாம் சரி, சத்தியத்துக்கு என்ன பண்றது?” என்றார் பல் மருத்துவர், பக்திமான். “எதுக்கும் கேட்டுடறது நல்லது.”

தெருமுனைப் பள்ளிவாசல் ஷேக்கைத் தொலைபேசியில் பிடித்து, எல்லோரும் கேட்கும்படி வைத்தார்கள். அவர் முழுக்கதையையும் கேட்டார். நடுவில் இரண்டு தடவை, தொலைபேசியைத் தள்ளி வைத்துவிட்டுச் சிரித்ததுபோல் இருந்தது.

“பாஷா, மனசறிஞ்சு சொல்லுங்க. விவாகரத்து பண்ற எண்ணம் இருந்துச்சா? இல்ல பேச்சுக்கு அழுத்தம் குடுக்கவா?”

“அழுத்தம்! வெறும் அழுத்தம்!”

“யோசிச்சுச் சொல்லு ருஷ்தி,” என்றார் மதாம் இக்பால். “அவசரமில்ல.”

“அப்படின்னா இது சத்தியம் முறிஞ்ச கணக்குதான்,” என்றார் ஷேக். “பரிகாரமா பத்து ஏழைங்களுக்குச் சாப்பாடு போடுங்க. வீட்டுல சாப்பிடற தரத்துல போடணும்.”

“பத்து ஏழைங்களுக்கு நான் எங்க போறது?”

“எங்கயும் போக வேண்டாம்,” என்றார் மதாம் இக்பால். “ஷேக் அவர்களே, ரெண்டு வருஷமா சொந்தக் கம்பெனி நடத்தறாங்க, ஒரு காசு வரல, இன்னும் அப்பாகிட்டதான் பஸ்ஸுக்கு வாங்கறாங்க. அந்த மாதிரி ஆளுங்க கணக்குல சேருவாங்களா?”

மறுமுனையில் நீண்ட பெருமூச்சு. “சேருவாங்க மதாம். என் மகன் ஒருத்தன் அந்த மாதிரிதான் இருக்கான். நல்லா கறி போட்டுக் குடுங்க.”

மறுநாள் வெள்ளித் தொழுகை முடிந்ததும், நாலாவது மாடியில் ஜெனரல் ருஷ்தி நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்து ஏழைகளைத் தேர்வு செய்தார். மேலேயிருந்து ஃபத்தா வாசனை, பூண்டும் வினிகரும் ஆட்டுக்கறியும் வறுத்த ரொட்டியுமாக, கட்டடம் முழுவதும் பரவியிருந்தது. அந்த வாசனைக்குக் கெய்ரோவின் தலைமைப் பொறியாளர்கள் தங்கள் வறுமையை நிரூபிக்க முண்டியடித்தார்கள்.

“என் செயலியை மொத்தம் ஆறு பேரு இறக்கியிருக்காங்க பாஷா. அதுல நாலு எங்க வீட்டு ஆளுங்க!”

“எனக்கு நாலும் இல்ல பாஷா! எங்கம்மா இறக்கி, மறுநாளே அழிச்சுட்டாங்க!”

“நீ உக்காரு,” என்று ஜெனரல் தட்டைக் காட்டினார். “அடுத்தது. ஹைதம்! நீ எங்க வர்ற? உனக்கு ஜெர்மன்காரன் இருக்கான். தள்ளு.”

“பாஷா, ஒப்பந்தம்தான் போட்டிருக்கு, இன்னும் எதுவும் வரல! வாசனையாவது...”

“தள்ளுன்னேன்.”

ஒன்பது பேர் தேறினார்கள். பத்தாவது ஆளாக வந்த தரகரை, சங்கிலியும் மோதிரமும் போட்டிருந்ததால் ஜெனரல் துரத்திவிட்டார். பென்சிலைக் கடித்தபடி சுற்றிலும் பார்த்தார். அவர் பார்வை பிரின்டருக்குக் காகிதம் போட்டுக்கொண்டிருந்த நெர்மீன்மேல் நின்றது.

“மகளே, இங்க வா. இந்த ரெண்டு வாரமா இந்தக் கூடத்துல காசு குடுத்து உக்காந்தவங்க எத்தனை பேரு?”

நெர்மீன் யோசித்தாள். ஜன்னலோரம் மதாம் ஃபிக்ரியா பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். சோபாவில் மூன்று வீங்கிய கன்னங்கள். அண்ணனும் தம்பியும் ஒரே மேஜையில், இப்போது சத்தமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“நான் முதலாளி பாஷா. நான் எப்படி...”

“கேட்டதுக்குப் பதில்.”

“யாருமில்ல பாஷா.”

“பத்து!” என்று கர்ஜித்து ஜெனரல் நோட்டில் கோடு போட்டார். “இக்பால்! ஆள் சரியாப்போச்சு, எடுத்து வை!”

நெர்மீன், தன் கூடத்தில், தன் மேஜையில், செயலிக்காரர்கள் இருவருக்கு நடுவில் இடுங்கி உட்கார்ந்தாள். ஆவி பறக்கும் ஃபத்தாவின் உச்சியில் இருந்ததிலேயே பெரிய கறித்துண்டை ஜெனரல் தன் கையால் அவள் தட்டில் வைத்துவிட்டு, அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை நகராமல் பக்கத்திலேயே நின்றார்.